போலீஸுக்கு ஏது வக்கீல்?

ஆரணியாற்றில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு மணல் டிராக்டர் பிடிபடுகிறது என்று வையுங்கள். டிரைவர் இருட்டில் குதித்து ஓடிவிட்டார். வண்டியை ஸ்டேஷன் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியாயிற்று. ஈர மணலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. தூக்கக் கலக்கத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் ஸ்டேஷன் ரைட்டருக்குத் திருடியது யார் என்பது அப்போதைக்குக் கவலை இல்லை. ‘என்ன செக்‌ஷன் போடறது?’ என்பதுதான் கவலை.

கேட்பதற்குச் சின்னக் கேள்வி. 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் மணல் அள்ளுவது குற்றம். ஆனால், அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு, அரசு அதிகாரம் கொடுத்த அலுவலர் எழுத்தில் புகார் தந்தால்தான் நீதிமன்றம் அந்தக் குற்றத்தை விசாரணைக்கு எடுக்கலாம் என்கிறது. போலீஸ் போடும் சார்ஜ் ஷீட் அதற்குச் செல்லாது. அப்படியானால் டிராக்டரை விட்டுவிட வேண்டியதுதானா? இல்லை. ஆற்று மணல் அரசின் சொத்து, அதை அள்ளுவது திருட்டும்தான், திருட்டு வழக்கைப் போலீஸே நடத்தலாம், கனிமச் சட்டத்துக்கு அலுவலரின் புகார் தனியாக வரட்டும் என்று 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. இது தெரிந்த ரைட்டர் இரண்டு கதவையும் திறந்து வைப்பார். தெரியாதவர் ஒன்றை மட்டும் திறப்பார். ஒரு வருஷம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து அந்த ஒரு கதவையும் சாத்திவிட்டு உட்காருவார்.

அந்த ராத்திரி இரண்டு மணிக்கு ரைட்டர் யாருக்குப் போன் போடுவார்?

லண்டனாக இருந்தால் இதற்குப் பதில் உண்டு. அங்கே மெட்ரோபாலிட்டன் போலீஸுக்கென்று தனியாகச் சட்டப் பிரிவு இருக்கிறது. சம்பளப் பட்டியலில் உள்ள வக்கீல்கள். தப்பாகக் கைது செய்தார்கள் என்று யாராவது நஷ்டஈடு கேட்டால், ஒரு அதிகாரி மீது ஒழுங்கு நடவடிக்கை வந்தால், அவர்கள் போலீஸுக்காக நிற்பார்கள். குற்ற வழக்கை நடத்துவது மட்டும் அவர்கள் வேலை இல்லை; 1986 முதல் அதற்குத் தனி அமைப்பு வந்துவிட்டது. நம் ஊரிலும் சி.பி.ஐ.க்கு அந்த வசதி உண்டு. அங்கே வழக்குத் தொடர்வு இயக்குநர் ஒருவர், அவருக்குக் கீழே சட்ட ஆலோசகர்கள் வரிசை. சார்ஜ் ஷீட் போகும் முன் கோப்பில் அவர்களுடைய கருத்து ஏறியாக வேண்டும்.

ஆரணியாற்றங்கரை ஊத்துக்கோட்டையில் இதெல்லாம் கிடையாது. ஒரு டி.எஸ்.பி. ஆபீஸ், சில ஸ்டேஷன்கள், ஒரு மாவட்ட உரிமையியல் மற்றும் குற்றவியல் நடுவர் நீதிமன்றம். அந்த நீதிமன்றத்தில் ஏ.பி.பி. எனப்படும் அரசு உதவி வழக்கறிஞர். ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பென்னாலூர்பேட்டை என்று எந்த ஸ்டேஷன் கட்டு வந்தாலும் அவர் மேஜைக்குத்தான் வரும்.

ஊர்க்காரர்கள் அவரைப் ‘போலீஸ் வக்கீல்’ என்பார்கள். சட்டப்படி அது தப்பு. அவர் போலீஸின் ஆள் இல்லை, அரசின் வக்கீல். டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வருகிறவர். அதற்கு முன் குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்து வருஷமாவது கறுப்புக் கோட்டு போட்டு நின்றிருக்க வேண்டும். எஸ்.பி. அவருக்கு மேலதிகாரி இல்லை.

ஒரு காலத்தில் நிலைமை வேறு. நாட்டின் பல பகுதிகளில் நடுவர் நீதிமன்றங்களில் அரசுத் தரப்பில் எழுந்து பேசியதே ஒரு போலீஸ் அதிகாரிதான். பிடித்தவரும் வாதாடுபவரும் ஒரே யூனிஃபார்ம். இது சரியில்லை, வழக்கு நடத்துகிறவர்களைப் போலீஸிடமிருந்து பிரியுங்கள் என்று 1958இல் சட்ட ஆணையம் தன் 14ஆவது அறிக்கையில் சொன்னது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதை ஏற்று, போலீஸ் அதிகாரி ஏ.பி.பி. ஆகக் கூடாது என்று எழுதிவைத்தது. (ஏ.பி.பி. யாருமே கிடைக்காத நாளில், அந்த வழக்கைத் துப்பறியாத ஓர் இன்ஸ்பெக்டரைக் கலெக்டர் நியமித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஜன்னலையும் விட்டுவைத்தது. 2024இல் வந்த புதிய சட்டத்திலும் அந்த ஜன்னல் இருக்கிறது.) அதற்குப் பிறகும் சில மாநிலங்கள் வழக்கறிஞர்களைப் போலீஸ் தலைமையின் கீழேயே வைத்திருந்தன. 1995இல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் குட்டிய பிறகுதான் அந்த முடிச்சு அவிழ்ந்தது.

போலீஸுக்கும் பிராசிக்யூட்டருக்கும் நடுவே இப்படி எழுந்த சுவரை இன்னும் உயர்த்தியது நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று. கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே ஒரு பெண் தற்கொலை செய்துகொண்ட வழக்கு. போலீஸ் சிலரைக் குற்றப்பத்திரிகையில் சேர்த்தது, சிலரை விட்டது. கோப்பைப் பப்ளிக் பிராசிக்யூட்டரிடம் காட்டி, அவர் கருத்தைக் கேட்டுத் திருத்திய குற்றப்பத்திரிகை போடுங்கள் என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2000இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. புலனாய்வு போலீஸின் வேலை, அதன் முடிவில் யார் குற்றவாளி என்று அபிப்பிராயம் கொள்வதும் போலீஸின் வேலை, பிராசிக்யூட்டரின் வேலை நீதிமன்றத்துக்குள் ஆரம்பிக்கிறது, அவரிடம் கேட்டுவிட்டு வா என்று போலீஸைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது அதன் சாரம்.

கொள்கையாகப் பார்த்தால் எனக்கு இதில் சண்டை இல்லை. பிடிக்கிறவர் சொல்வதையெல்லாம் நியாயப்படுத்துகிற வக்கீல் யாருக்கும் ஆபத்து. ஆனால், சுவர் எழுப்பியவர்கள் அதற்கு இந்தப் பக்கம் யாரையாவது உட்காரவைத்தார்களா? அங்கேதான் எனக்குக் குறை. பிராசிக்யூட்டரை வெளியே அனுப்பினோம், சரி. போலீஸுக்குள் ஒரு சட்ட ஆலோசகரை வைத்தோமா? சப்-டிவிஷன் மட்டத்தில் அந்த நாற்காலியே இல்லை.

நாற்காலி இல்லாத இடத்தில் ஒரு மனிதர் நிற்கிறார். கோர்ட் போலீஸ். பெரும்பாலும் ஓர் ஏட்டு. காலையில் கேஸ் டைரி ஃபைல்களைப் பைக்கில் கட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்கு வருவார், சம்மன், வாரண்ட், வாய்தா எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். ஏ.பி.பி. அறை வாசலில் இவர் குரல் கேட்கும்: “அய்யா, இந்த மகஜர்ல டைம் ஒரு மாதிரி இருக்கு, கொஞ்சம் பாருங்கய்யா.” ஏ.பி.பி. பார்ப்பார். பறிமுதல் மகஜரில் 6.30, கைது குறிப்பில் 6.15, இரண்டிலும் அதே வி.ஏ.ஓ. கையெழுத்து, நடுவில் பத்து கிலோமீட்டர். “இவர் என்ன பறந்தா போனார்?” என்பார். ஏட்டு சிரிப்பார். இப்படி ஒரு நடையில், பாதி நிமிஷத்தில் நடப்பதுதான் இங்கே சட்ட ஆலோசனை. கையெழுத்தான மகஜரை இனி யாரும் திருத்த முடியாது, திருத்தவும் கூடாது. ஆக, நோயாளி செத்த பிறகு வருகிற மருந்துச் சீட்டு அது.

ஊத்துக்கோட்டையின் தனித் தொல்லை எல்லை. ஊரைத் தாண்டினால் சுருட்டப்பள்ளி. பள்ளிகொண்ட சிவன் இருப்பது ஆந்திரத்தில். கும்பிட்டுவிட்டு நடந்தே திரும்பிவிடலாம். குற்றம் செய்தவனுக்கும் அதே தூரம்தான். துரத்திப்போய்ப் பிடிக்க எந்த மாநிலத்துக்குள்ளும் நுழையலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. பிடித்த பிறகு 24 மணி நேரக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். அங்குள்ள நடுவரிடம் டிரான்சிட் ரிமாண்ட் வாங்குவதா, நேராக இங்கே கொண்டுவந்துவிடுவதா? அந்த இடத்தில் நிற்கும் எஸ்.ஐ. தான் முடிவெடுக்க வேண்டும்.

கஞ்சா வழக்கு இன்னும் நுணுக்கம். உடம்பைச் சோதிக்கும் முன், கெசட்டட் அதிகாரி அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்கும்படி கேட்க உனக்கு உரிமை உண்டு என்று அந்த ஆளிடம் சொல்லியாக வேண்டும். போதைப்பொருள் சட்டம் 50ஆம் பிரிவு. 1999இல் அரசியல் சாசன அமர்வே இதை வலியுறுத்தியது. ஸ்டேஷனில் அதற்கென்று அச்சடித்த தாள் இருக்கும். தமிழில். எதிரே நிற்பவருக்குத் தெலுங்கோ ஒடியாவோ மட்டும் தெரியும். ‘படித்துக்காட்டக் கேட்டுப் புரிந்துகொண்டேன்’ என்ற வரிக்குக் கீழே அவர் கைநாட்டு. புரிந்துகொண்டவர் யார், மொழிபெயர்த்தவர் யார்? தாளில் அந்தப் பெயருக்கு இடமே இல்லை. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இதைவிட நல்ல பரிசு கிடைக்காது. சட்டம் தெரிந்த ஒருவர் ஒரு நாள் உட்கார்ந்தால் அந்தத் தாளை மூன்று மொழியில் அடித்து, கடைசியில் மொழிபெயர்த்தவர் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிடலாம். அது அவ்வளவு சின்ன வேலை என்பதுதான் எரிச்சல்.

நாள் கணக்கு வேறு. 60 நாள் அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போகாவிட்டால், உள்ளே இருப்பவர் கேட்டால் பெயில் கொடுத்தே ஆக வேண்டும். கொரோனா ஊரடங்கைக் காரணம் காட்டி இந்தக் கெடுவை நீட்டிக்க முடியுமா என்று மதுரை மாவட்டம் சமயநல்லூர் ஸ்டேஷன் வழக்கு டெல்லி வரை போனது. முடியாது என்று 2020 ஜூன் 19இல் தீர்ப்பு. 60ஆவது நாள் ஞாயிற்றுக்கிழமையா என்று காலண்டரைப் பார்க்க ஒரு ஆள் இருந்தாலே பாதிப் பெயில் மனுக்கள் வந்திருக்காது என்று பேசிக்கொள்ளாத நீதிமன்ற வராந்தா இல்லை.

குண்டர் சட்டக் கோப்புகள் இதற்கெல்லாம் அண்ணன். 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம். ஐந்து நாளில் காரணங்களைக் கைதானவரிடம் கொடுக்க வேண்டும், 12 நாளில் அரசு ஒப்புதல், மூன்று வாரத்தில் அறிவுரைக் கழகம். ‘புக்லெட்’ என்று சொல்லும் அந்தக் கட்டில் ஒரு பக்கம் மங்கலாக இருந்தால், ஒரு உத்தரவின் தமிழ் நகல் விடுபட்டால், உயர் நீதிமன்றத்தில் மொத்தக் கட்டும் விழும். விழுவதும் நல்லதுதான், விசாரணையே இல்லாமல் ஒருவரை ஒரு வருஷம் உள்ளே வைக்கிற அதிகாரத்துக்கு இவ்வளவு கறாராவது வேண்டும். ஆனால், இந்த ஆளுக்கு இந்தச் சட்டம் தேவையே இல்லை, சாதாரண வழக்கே போதும் என்று முதல் நாளே சொல்லும் குரல் உள்ளுக்குள் இருந்திருந்தால்? சட்ட ஆலோசகரின் நிஜமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன். ‘வேண்டாம் சார்’ என்பது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால் வழக்கின் முகம் மாறிவிடும். உலையில் வெந்தோ, கிரேனில் நசுங்கியோ ஒரு தொழிலாளி இறக்கிறார். கவனக்குறைவால் மரணம் என்று போலீஸ் வழக்குப் போடுகிறது. பாதுகாப்பு விதியை மீறியதற்கான வழக்கோ தொழிற்சாலை ஆய்வாளர் கையில். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு அப்படித்தான் சொல்லிவந்தது, அதற்கு அடுத்த பிரிவில் மூன்று மாதக் கெடு வேறு. மணல் கதையேதான், இரண்டு கதவு, இரண்டு சாவி. கண்ணால் பார்த்தவர்கள் பிஹாரோ ஒடிசாவோ. விசாரணை வரும்போது அவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள், போன் நம்பரும் மாறியிருக்கும். ஆரம்பத்திலேயே நடுவர் முன் வாக்குமூலம் பதிவு செய்ய மனுப் போடு என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

2014 ஜனவரியில், குஜராத் வழக்கு ஒன்றில், விடுதலையில் முடிகிற ஒவ்வொரு வழக்கையும் போலீஸும் வழக்குத் தொடர்வுத் துறையும் சேர்ந்த நிலைக்குழு ஆராய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டம், ஏழு வருஷத்திலிருந்து பத்து வருஷத்துக்குள் தண்டனைக்குரிய வழக்குகளின் போலீஸ் அறிக்கையை வழக்குத் தொடர்வுத் துறையின் துணை இயக்குநர் பரிசீலிக்க வேண்டும் என்கிறது. சுவரில் ஓர் ஓட்டை விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதே நாளில் திருட்டுக்கு 379 போய் 303 வந்தது, மோசடிக்கு 420 போய் 318 வந்தது. ‘நானூத்தி இருபது’ என்று திட்டிப் பழகிய நாக்குக்கு அது இன்னும் ஏறவில்லை.

சரி, ராத்திரி இரண்டு மணி, மணல் டிராக்டர். ரைட்டர் யாருக்குப் போன் போடுவார்? ஏ.பி.பி.யை அந்த நேரத்தில் எழுப்ப மரியாதை இடம் கொடுக்காது. பக்கத்து ஸ்டேஷன் சீனியர் ரைட்டர் லீவு. கோர்ட் வாசலில் வேடிக்கையாகச் சொல்வார்கள்: தெரிந்த கிரிமினல் வக்கீலுக்குத்தான் போடுவாராம். அவரும் தூக்கத்திலேயே பிரிவைச் சரியாகச் சொல்லிவிட்டு, “வண்டி நம்பர் என்ன ஏட்டய்யா?” என்று கேட்பாராம். விடிந்ததும் ஓனர் வந்து நிற்கப்போவது அவர் ஆபீஸ் வாசலில்தானே.