பற்சக்கர அளவீடும் அச்சுப் பிழையும்

இயந்திரங்களில் இயங்கும் பற்சக்கரத்தின் பற்பரப்பில் சில மைக்ரோமீட்டர் பிழை இருந்தாலும் இரைச்சலும் தேய்மானமும் மிகும். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இத்தகைய நுண்பிழையை அறிய, அளவைக் கருவி சக்கரத்தைச் சுழற்றி, பற்பரப்பைத் தொடுமுனையால் தொட்டு அளக்கிறது.

ஆனால், சக்கரத்தின் அச்சும் கருவியின் சுழல் அச்சும் முற்றிலும் ஒன்றிப் பொருந்துவது அரிது. சக்கரம் 0.01 மி.மீ. விலகி அமர்ந்தால், ஒரு சுற்றுக்குள் பற்கள் 0.02 மி.மீ. அளவுக்கு உள்ளும் புறமும் அசைவதாகக் கருவி காட்டும். அச்சு சாய்ந்திருந்தால், ஒருபுறப் பற்கள் வலப்பக்கமும் எதிர்ப்புறப் பற்கள் இடப்பக்கமும் சாய்ந்தனபோலத் தோன்றும். இதனால் குற்றமற்ற சக்கரமும் கழிக்கப்படலாம்.

பற்களை வெட்டும்போதே மையம் விலகியிருப்பின், அப்பிழையும் இதே வடிவில் தோன்றும். இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு?

சக்கரத்தின் தண்டு, இயந்திரத்தில் இரு தாங்கிகளின்மீது அமர்ந்து சுழல்கிறது. ஆகவே, தாங்கிகளில் அமரும் அவ்விரு பகுதிகளையும் கருவி முதலில் அளக்கிறது. அவற்றின் மையங்களை இணைக்கும் நேர்கோடே சக்கரத்தின் உண்மையான அச்சு. அது கருவியின் அச்சிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது, எத்திசையில் சாய்ந்துள்ளது என்பவற்றைக் கணினி கணக்கிட்டு, ஒவ்வொரு பல்லின் அளவையும் அதற்கேற்பத் திருத்துகிறது. சக்கரத்தை மீண்டும் மீண்டும் நகர்த்திப் பொருத்த வேண்டிய தேவை இதனால் குறைகிறது.

திருத்திய பின்னும் எஞ்சும் பிழையே சக்கரத்துக்கு உரியது. நீங்கிய பிழை, அதனைப் பொருத்திய முறைக்கு உரியது.