கணினிப் பஞ்சாங்கமும் கல்வெட்டு நாள் கணிப்பும்: சோதிட மென்பொருள்களின் தொடக்கப்புள்ளிச் சிக்கல்

ஆய்வுச் சுருக்கம்

கல்வெட்டுகளிலும் ஓலைச்சுவடிகளிலும் காணப்படும் நாட்குறிப்புகளைச் சரிபார்க்க ஆய்வாளர்கள் இன்று சோதிட மென்பொருள்களைப் பயன்படுத்துகின்றனர். இம்மென்பொருள்கள் தற்கால வானியல் அளவுகளையும் 20ஆம் நூற்றாண்டில் வரையறுக்கப்பட்ட அயனாம்சத்தையும் கொண்டு இயங்குவன. கல்வெட்டுக் காலக் கணியர் பின்பற்றிய சித்தாந்த முறை வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி நாட்குறிப்பின் எந்தெந்த உறுப்பைப் பாதிக்கிறது, எதனைப் பாதிக்கவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வாக்கிய முறையை மென்பொருளில் சேர்ப்பதில் எழும் எழுத்துச் சிக்கலும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அயனாம்சம், வாக்கியம், திருக்கணிதம், கடபயாதி, கல்வெட்டு நாள், மென்பொருள்.

முன்னுரை

சோழர், பாண்டியர் கல்வெட்டுகள் பலவற்றில் ஆட்சியாண்டுடன் ஞாயிறு நிற்கும் இராசி, பக்கம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவை குறிக்கப்பெறுகின்றன. இவற்றைக் கொண்டு கிறித்தவ ஆண்டைக் கணிக்கும் பணியைக் கீல்ஹார்ன் ‘எபிகிராஃபியா இண்டிகா’ இதழில் தொடர்ந்து செய்தார். 1922இல் வெளிவந்த எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் ‘இந்தியன் எஃபிமெரிஸ்’ அப்பணியை எவரும் செய்யத்தக்க எளிய அட்டவணையாக்கியது. அத்தொகுதிகளைப் புரட்டிய கை இன்று செயலியைத் திறக்கிறது. நாளையும் ஊரையும் இட்டால் நொடியில் பஞ்சாங்கம் திரையில் வந்துவிடுகிறது. கல்வெட்டு சொல்லும் நட்சத்திரம் அங்கு இல்லையெனில், கல்வெட்டில் பிழை என்றோ, ஆண்டு வேறு என்றோ முடிவுக்கு வருகிறோம். அம்முடிவுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அம்மென்பொருள் வானத்தை எங்கிருந்து அளக்கத் தொடங்குகிறது?

கணிப்பும் தெரிவும்

‘வேத சோதிடம்’ என்னும் பெயரில் வழங்கும் மென்பொருள்களில் பல, கோள்நிலைக் கணிப்பைத் தாமே செய்வதில்லை. அலோயிஸ் டிரைண்டில், டீட்டர் கோச் இருவரும் உருவாக்கிய ‘சுவிஸ் எஃபிமெரிஸ்’ போன்ற ஆயத்த நிரல்தொகுப்பை அவை இணைத்துக்கொள்கின்றன. அத்தொகுப்பு அமெரிக்க ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் கோள் அட்டவணைகளை அடிப்படையாகக் கொண்டது. அதன் துல்லியம் ஐயத்துக்கு இடமற்றது. சிக்கல் துல்லியத்தில் இல்லை, தெரிவில் இருக்கிறது.

வானியல் அட்டவணை கோள்களின் நிலையைச் சம இரவுப் புள்ளியிலிருந்து தருகிறது. நம் மரபு மேடத்தின் தொடக்கத்திலிருந்து அளக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள பாகை அளவே அயனாம்சம். சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1956 மார்ச் 21ஆம் நாளுக்கு அதனை 23 பாகை 15 கலை என வரையறுத்தது. லாகிரி அயனாம்சம் எனப் பரவலாக அறியப்படுவது இதுவே. சுவிஸ் எஃபிமெரிஸ் நாற்பதுக்கும் மேற்பட்ட அயனாம்சங்களை வைத்திருக்கிறது. நிரலாளர் எதனையும் குறிப்பிடாவிட்டால், அது மேலை நாட்டு நிராயனச் சோதிடர்களின் ஃபேகன்–பிராட்லி அயனாம்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். இது லாகிரியினும் ஏறத்தாழ 53 கலை மிகுதி. சந்திரன் அத்தொலைவைக் கடக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும். ஒரு வரி நிரல் விடுபட்டால் நட்சத்திர முடிவு அவ்வளவு நேரம் பிந்துகிறது. இருபதாண்டுச் சுக்கிர தசையின் இருப்பு ஏறத்தாழ ஓராண்டு நான்கு மாதம் மாறுகிறது. எனினும் திரையில் பிழைச்செய்தி எதுவும் தோன்றாது.

ஐந்து உறுப்புகளும் அயனாம்சத்தால் ஒரே வகையில் பாதிக்கப்படுவதில்லை என்பது ஆய்வாளர்க்கு முதன்மையான செய்தி. கிழமை நாள் எண்ணிக்கையால் அமைவது. அதற்கும் அயனாம்சத்துக்கும் தொடர்பில்லை. திதி, சந்திரனுக்கும் ஞாயிற்றுக்கும் இடைப்பட்ட தொலைவு. இரண்டிலிருந்தும் ஒரே அளவைக் கழித்தால் வேறுபாடு மாறாது. திதியில் பாதியாகிய கரணமும் அவ்வாறே. நட்சத்திரம் அயனாம்சத்தால் நேரடியாக மாறும். யோகம் இரண்டு நிலைகளின் கூட்டுத்தொகை. ஆதலின் அங்குப் பிழை இரட்டிக்கும். ஞாயிற்றின் இராசியும், அதன்வழிச் சௌரமாதத் தேதியும் மாறும்.

கல்வெட்டுக் காலத்து மேடம்

லாகிரியைச் சரியாக இட்டுவிட்டால் போதுமா? இன்றைய சாதகத்துக்குப் போதும். இராசராசன் காலக் கல்வெட்டுக்குப் போதாது.

ஆரியபடரின் ஆண்டளவு 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. இன்றைய மணிக்கணக்கில் 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 நொடி. உண்மையான நாள்மீன் ஆண்டைவிட இது 3 நிமிடம் 20 நொடி மிகுதி. அம்முறையில் சம இரவுப் புள்ளியும் மேடத் தொடக்கமும் ஒன்றியது கி.பி. 499இல்; லாகிரிக் கணக்கில் அவை ஒன்றியது கி.பி. 285ஐ ஒட்டி. எனவே சித்தாந்த மேடமும் லாகிரி மேடமும் எக்காலத்துக்கும் நிலையான இடைவெளி உடையவை அல்ல. கி.பி. 499இல் ஏறத்தாழ 3 பாகையாக இருந்த இடைவெளி ஆண்டுக்கு எட்டு விகலைக்குச் சற்று மேலாகக் குறைந்து வருகிறது. கி.பி. 1000இல் அது ஏறத்தாழ 1.8 பாகை, 13ஆம் நூற்றாண்டின் நடுவில் 1.2 பாகை, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏறக்குறைய இல்லை. நாயக்கர் காலச் செப்பேடுகளுக்குச் செயலிகள் பெரும்பாலும் ஒத்துவருவதும், சோழர் கல்வெட்டுகளில் அவை இடறுவதும் இதனால்தான் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

1.8 பாகை சிறிதாகத் தோன்றலாம். சந்திரன் அதனைக் கடக்க மூன்றேகால் மணி நேரம் வேண்டும். ஒரு நட்சத்திரத்தின் அளவாகிய 13 பாகை 20 கலையில் அது நூற்றுக்கு 13 பங்குக்கு மேல். அதாவது, சூரிய உதயத்தில் நிற்கும் நட்சத்திரத்தைக் கேட்டால், ஏறத்தாழ ஏழு நாளுக்கு ஒரு நாள் செயலியும் அக்காலக் கணியரும் வேறு வேறு விடை தருவர். ஞாயிற்றின் இராசி மாற்றத்தில் இவ்விடைவெளி இரண்டு நாளை நெருங்கும். சந்திர இயக்கம் பற்றிய சித்தாந்தக் கணக்கின் குறைபாடுகள் இதற்கு மேல் சேரும். அவை திதியையும் சில மணி நேரம் நகர்த்தக்கூடியவை.

இங்கு ஒரு பயனுள்ள குறிப்பு கிடைக்கிறது. சோழர் காலத்துக்குச் சித்தாந்த நிலை எப்போதும் லாகிரி நிலையினும் மிகுதி. ஆகவே தொடக்கப்புள்ளியால் நேரும் பிழை ஒரு திசையிலேயே இருக்கும்: செயலி முந்தைய நட்சத்திரத்தையோ முந்தைய இராசியையோ காட்டும். கிழமையும் திதியும் ஒத்து, கல்வெட்டில் உரோகிணி, திரையில் கார்த்திகை என வந்தால், ஐயுற வேண்டியது முதலில் செயலியை. மாறாகத் திரையில் மிருகசீரிடம் வந்தால் தொடக்கப்புள்ளியைக் காரணம் காட்ட இயலாது. கல்வெட்டின் வாசிப்பையோ உத்தேசித்த ஆண்டையோ மீளப் பார்க்க வேண்டும். சமமற்ற நட்சத்திரப் பகுப்பு முறைகளும் முற்காலத்தில் வழங்கின என்பதனால் இவ்விதி முற்றான தீர்ப்பாகாது. கல்வெட்டெழுதியவர் தலையில் பிழையை ஏற்றுமுன் செய்ய வேண்டிய சோதனை என்ற அளவில் இது பயன்படும்.

வாக்கியம் என்னும் நிரல்

பல செயலிகளில் ‘வாக்கியம்’ என்றொரு தெரிவு காணப்படுகிறது. அதனை மற்றோர் அயனாம்சமாகக் கொண்டு திருக்கணித நிலையிலிருந்து ஒரு மாறிலியைக் கழித்தால் வாக்கியம் ஆகாது. 2023இல் திருக்கணிதப்படி சனி கும்பத்தில் நிலையாகப் புகுந்தது சனவரி 17. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் பெயர்ச்சி நடந்தது டிசம்பர் 20. பதினொரு மாத இடைவெளியை அயனாம்ச மாற்றம் எதனாலும் விளக்க முடியாது. வாக்கியம் தனித்த கணிப்பு முறை. மென்பொருளில் அது தனி நிரலாகவே எழுதப்பட வேண்டும்.

அந்நிரல் எழுதுவதற்கு வியப்பூட்டும் அளவு எளியது. கலிநாள் எண்ணிலிருந்து 1600984ஐக் கழித்து, எஞ்சியதை 12372ஆல் வகுத்து, மீதியை 3031ஆல் வகுத்து, அதன் மீதியை 248ஆல் வகுக்க வேண்டும். இறுதி மீதி எத்தனையோ அத்தனையாவது சந்திர வாக்கியத்தை எடுத்து, ஒவ்வோர் ஈவுக்கும் உரிய பாகையைக் கூட்டினால் சந்திரன் நிலை வரும். சந்திரன் தன் அண்மைப் புள்ளிக்கு ஒன்பது முறை திரும்ப 248 நாள், 110 முறை திரும்ப 3031 நாள் ஆகும் என்னும் கண்டறிவே இதன் உயிர். 1825இல் சென்னையில் வெளிவந்த ‘கால சங்கலிதம்’ நூலில் ஜான் வாரன் தம் கண்முன் நடந்த ஒரு கணிப்பைப் பதிவுசெய்துள்ளார். தமிழ்க் கணியர் ஒருவர், எழுதுகோல் இன்றி, தரையில் சோழிகளை வைத்தும் மனப்பாட அட்டவணைகளைக் கொண்டும், அவ்வாண்டு மே 31–சூன் 1 இரவுச் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் என்பது அவர் பிழை. மனத்தில் அட்டவணை, தரையில் இயங்கு நினைவகம்!

நிரல் எளிது; தரவு எளிதன்று. 248 வாக்கியங்களும் கடபயாதி முறையில் எழுத்துகளால் ஆனவை. ககர வரிசையின் நான்கு ஒலிகளும் 1, 2, 3, 4 என வேறு வேறு எண் பெறும். தகர வரிசை 6, 7, 8, 9. சுவடிகளில் கிரந்த எழுத்து இவ்வேறுபாட்டைக் காத்தது. தமிழெழுத்தில் பெயர்த்தவுடன் அது மறைகிறது. வாரன் குறிப்பிடும் ‘தேவரம்’ என்னும் குறிச்சொல்லை எடுத்துக்கொள்வோம் (திருமுறைக்கும் இதற்கும் தொடர்பில்லை). வல்லொலியற்ற தகரம் 8, வகரம் 4, ரகரம் 2. வலமிருந்து படிக்க 248. தமிழில் ‘தே’ என மட்டும் கண்டவர் 246 என்றும் படிக்கலாம். அட்டவணையில் ஓர் எழுத்து பிறழ்ந்தால் 248 நாளுக்கு ஒருமுறை மட்டும் தோன்றும் பிழை உண்டாகும். சோதனைக்கு எடுத்த சில நாள்களில் அது சிக்காது. எனவே தரவாக உள்ளிட வேண்டியது தமிழெழுத்துப் பெயர்ப்பை அன்று. குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் 1962இல் பதிப்பித்த ‘வாக்கியகரணம்’ போன்ற ஒப்புநோக்கிய பதிப்பை. அதன்பின் அடுத்தடுத்த வாக்கியங்களின் வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும். சந்திரனின் நாள்நடை ஒழுங்காக ஏறி இறங்குவது. ஓரிடத்தில் திடீரெனத் துள்ளினால் அங்கு எழுத்துப்பிழை உண்டு. மூலபாட ஆய்வாளர்க்கு இது கைவந்த வேலை.

ஆய்வுக்கட்டுரையில் தர வேண்டியவை

மென்பொருள்வழிக் கணித்த நாளை ஆய்வுக்கட்டுரையில் தரும்போது செயலியின் பெயர் மட்டும் போதாது. கணிப்பு முறை, அயனாம்சம், ஊர், உதயம் எந்த நேரக்கணக்கில் கொள்ளப்பட்டது என்பவை உடன் வர வேண்டும். இந்தியச் சீர்நேரத்துக்கும் தஞ்சாவூரின் உள்ளூர் நேரத்துக்கும் இடையே 13 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு உண்டு. சௌரமாதத் தேதி தேவைப்படின், இராசி மாற்றம் சூரிய மறைவுக்கு முன் நேர்ந்தால் அன்றே மாதம் பிறக்கும் என்னும் தமிழ் மரபை நிரல் கடைப்பிடிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மலையாள மரபில் விதி வேறு. நிரல்மொழிகள் சில 1582க்கு முற்பட்ட நாள்களுக்கும் கிரிகோரியன் நாட்காட்டியையே நீட்டிக் கணக்கிடுகின்றன. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் அட்டவணை அக்காலத்துக்குச் சூலியன் நாட்காட்டியைக் கொண்டது. 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்விரண்டுக்கும் ஆறு நாள் இடைவெளி. அவர் தந்த தேதியை அப்படியே செயலியில் இட்டுக் கிழமை ஒத்துவரவில்லை என்று எழுதுவோர், தேதியுடன் கலிநாள் எண்ணையும் ஒருமுறை ஒப்பிட்டால் அத்தவறு அங்கேயே தெரிந்துவிடும்.