மிதித்தால் ‘டிக்’: ஹைபிரிட் வண்டியில் சத்தத்தைத் தேடுவது எப்படி?

பழைய இன்னோவாவுக்கு அடியில் குனிந்து பார்த்தால், முன்னால் கியர்பாக்ஸில் தொடங்கிப் பின்னால் ஹவுசிங் வரைக்கும் ஒரு நீண்ட இரும்புத் தண்டு போகும். அதுதான் புரொப்பல்லர் ஷாஃப்ட். 2000இல் வந்த குவாலிஸ், 2005இல் வந்த இன்னோவா, 2016இல் வந்த கிரிஸ்டா மூன்றுக்கும் இதே அமைப்புதான். மூன்றிலும் பின்சக்கரங்கள்தான் வண்டியைத் தள்ளின. ஒட்டன்சத்திரம், பழனி, திண்டுக்கல் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு தலைமுறையே இந்தத் தண்டோடு தொழில் பழகியிருக்கிறது. மிதித்தவுடன் வண்டியின் நடுவயிற்றில் ‘டிக்’ என்றால், தண்டின் முனையிலுள்ள கிராஸ் போயிருக்கும் என்று மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும்.

2022 நவம்பரில் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸில் அந்தத் தண்டே கிடையாது. 2023 ஜூலையில் மாருதி பெயரில் வந்த அதன் இரட்டைப் பிறவி இன்விக்டோவிலும் கிடையாது. இரண்டிலும் முன்சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கின்றன. ஹைபிரிட் மாடலில் 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் கோள்கியர் அமைப்பு ஒன்றின் வழியாக அந்தச் சக்கரங்களைச் சுற்றுகின்றன. காலால் மிதிக்கும் கிளட்ச்சும் இல்லை, இழுபடும் பெல்ட்டும் இல்லை. அப்படிப்பட்ட வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ‘டிக், டிக்’ என்று கேட்டால் எங்கே தேடுவது?

இன்ஜினும் மோட்டாரும் கலந்த வண்டி, அதனால் தேடுவதும் இரண்டு மடங்கு கடினம் என்றுதான் முதலில் தோன்றும். உண்மை நேர்மாறானது. சாதாரண வண்டியில் கியர் விழுந்துவிட்டால் இன்ஜினும் சக்கரமும் சேர்ந்தே ஓடும். சத்தம் எதிலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். ஹைபிரிட்டில் இன்ஜின் நின்றிருக்கும்போதே வண்டி நகரும். தேடுகிறவருக்கு வேண்டிய சோதனையை வண்டியே செய்து காட்டுகிறது.

எண்ணினால் பாதி வேலை முடியும்

‘டிக்’ எப்படி ஒலிக்கிறது என்பதைவிட, எதன் கணக்கில் ஒலிக்கிறது என்பதுதான் முக்கியம். 225/50 ஆர் 18 அளவுள்ள டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 2.14 மீட்டர் நகரும். 20 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் நொடிக்கு 2.6 முறை சுழலும். டயர் பள்ளத்தில் ஒரு ஜல்லி சிக்கியிருந்தால் பத்து நொடிக்கு 26 ‘டிக்’ கேட்கும். வேகம் பாதியானால் எண்ணிக்கையும் பாதியாகும். அதோடு, காலை எடுத்தாலும் அந்தச் சத்தம் நிற்காது, ஏனென்றால் அதற்குத் தேவை சக்கரம் சுற்றுவது மட்டும்தான்.

இன்ஜினின் கணக்கு வேறு. நிமிடத்துக்கு 1,200 சுற்றில் ஓடும் இன்ஜின் நொடிக்கு 20 முறை சுழலும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். புகை வெளியேறும் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் ஒரு சிலிண்டர் பக்கம் கசிவு இருந்தால் நொடிக்குப் பத்து ‘டிக்’ வரும். அந்த வேகத்தை வாயால் எண்ண முடியாது, ‘டிக்டிக்டிக்’ என்று ஒரே கோவையாகத்தான் கேட்கும்.

ஆக, முதல் சோதனை எளிது. டாஷ்போர்டில் ‘இவி’ விளக்கு எரியும்போது, அதாவது இன்ஜின் ஓடாதபோது, மெதுவாக மிதித்துப் பாருங்கள். அப்போதும் சத்தம் வந்தால் வெடிப்பு, புகைக்குழாய், தளர்ந்து ஆடும் வெப்பத்தடுப்புத் தகடு என்று ஒரு பெரிய பட்டியலையே அடித்துவிடலாம். இன்ஜின் எழுந்த பிறகு மட்டும் வந்தால் அந்தப் பட்டியலில் மட்டும் தேடினால் போதும். ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது சில்லறையைக் குலுக்கியதுபோல் உலோகச் சத்தம் வந்தால் அது ‘நாக்கிங்’காக இருக்கலாம். சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை நேரம் தப்பிப் பற்றிக்கொள்வதால் வருவது அது. அதைச் சக்கரத்தில் தேடிப் பயனில்லை.

வளைவில் கேட்டால்

ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாகப் பாச்சலூர் ஏறும் மலைப்பாதை இந்தப் பகுதி வண்டிகளுக்கு நல்ல பரீட்சை. ஸ்டியரிங்கை நன்றாக ஒடித்துக்கொண்டே மிதிக்கவும் வேண்டிய வளைவுகள் அங்கே உண்டு. அந்த நேரத்தில் மட்டும் ‘டிக், டிக், டிக்’ என்று சக்கரத்தின் வேகத்தோடு சேர்ந்து வந்து, வண்டி நேரானதும் குறைந்தால், முதல் சந்தேகம், கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் என்ற குறுந்தண்டின் சக்கரப் பக்க முனையிலுள்ள சிவி ஜாயிண்ட் மேல்தான்.

இந்த ஜாயிண்ட் ஏன் பிறந்தது என்று தெரிந்தால் அது ஏன் சத்தம் போடுகிறது என்பதும் புரியும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் இருக்கும் கிராஸ், 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த இணைப்பு. அதில் ஒரு குறை உண்டு. இரண்டு தண்டுகள் 30 டிகிரி சாய்ந்து நிற்கும்போது, ஒன்று 100 என்ற சீரான வேகத்தில் சுழன்றாலும் மற்றது 87க்கும் 115க்கும் இடையே ஏறி இறங்கும், அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை. பின்சக்கர வண்டியில் சாய்வு குறைவு. தண்டின் இரு முனையிலும் ஒரு கிராஸ் வைத்து ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றதால் சரிக்கட்டிவிடலாம். ஆனால் முன்சக்கரம் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அங்கே கிராஸை வைத்தால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி உதறும்.

இதற்கு விடை கண்டவர்களில் ஒருவர் ஃபோர்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஆல்ஃபிரட் ரெஸப்பா. 1920களில் அவர் வடிவமைத்த இணைப்பில் ஆறு எஃகுக் குண்டுகள் வளைந்த பள்ளங்களில் உருளும். தண்டு எவ்வளவு சாய்ந்தாலும் அந்தக் குண்டுகள் சாய்வுக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே நிற்கும். அதனால் உள்ளே போகும் வேகமும் வெளியே வரும் வேகமும் ஒன்றாகவே இருக்கும். 1959இல் பிரிட்டனின் மினி கார் இந்த இணைப்பைச் சாமானியர்களின் வண்டிக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் 1983இல் மாருதி 800 வந்தபோது முன்சக்கர இழுவை நம் தெருக்களில் பரவத் தொடங்கியது.

நேராகப் போகும்போது இந்தக் குண்டுகள் பள்ளத்தின் நடுவிலேயே ஏறத்தாழ ஓரிடத்தில் இருக்கும். வளைவில் ஒவ்வொரு சுற்றுக்கும் பள்ளத்தின் நீளத்துக்கு முன்னும் பின்னும் ஓடும். பள்ளம் தேய்ந்து குழி விழுந்திருந்தால் சுமையோடு அந்தக் குழியைத் தாண்டும் குண்டு ஒரு ‘டிக்’ போடும். ஒரே பள்ளம் தேய்ந்திருந்தால் சுற்றுக்கு ஒன்று, மற்றவையும் தேயத் தேய எண்ணிக்கை கூடும்.

அப்படித் தேய்வது பெரும்பாலும் ஒரு ரப்பர் உறையின் கதை. சிவி ஜாயிண்டைச் சுற்றி அடுக்கடுக்காக மடிந்த பூட் இருக்கும். அதற்குள் கரிய கிரீஸ் நிரப்பியிருப்பார்கள். பூட் கிழிந்தால் சுழற்சியில் கிரீஸ் வெளியே தெறிக்கும், மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். தோட்டத்து மண்பாதைகளில் அடிக்கடி போய்வரும் வண்டிக்கு இது சீக்கிரம் நடக்கும். சக்கரத்தின் உட்புறத்திலும் அதைச் சுற்றியுள்ள பாகங்களிலும் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாலே போதும். சத்தம் வருமுன் கிழிசலைப் பார்த்துவிட்டால் பூட்டும் கிரீஸும் மாற்றுவதோடு செலவு முடியும். சத்தம் வந்த பிறகு பார்த்தால் பெரும்பாலும் ஜாயிண்டையோ முழுத் தண்டையோ மாற்ற வேண்டியிருக்கும்.

நேர்ச்சாலையில் கேட்டால்

கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் உள் ஜாயிண்ட் பொதுவாக வேறு வகை. மூன்று உருளைகள் மூன்று பள்ளங்களில் முன்னும் பின்னும் நகரும். வண்டி குழியில் இறங்கி ஏறும்போது தண்டு நீண்டு சுருங்குவதற்கான வசதி அது. இது தேய்ந்தால் வளைவு தேவையில்லை, நேர்ச்சாலையில் அழுத்தி மிதித்தாலே உதறல் தெரியும். மூன்று உருளை என்பதால் அதிர்வு சக்கரச் சுற்றுக்கு மூன்று. 40 கிலோமீட்டர் வேகத்தில் கணக்குப் போட்டால் நொடிக்குப் பதினைந்து, பதினாறு. காதுக்குக் கேட்பதைவிட இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு உடலில் தெரியும். எட்டுப் பேரும் மூட்டைகளும் ஏறும்போது வண்டி தாழ்ந்து தண்டின் சாய்வு மாறும். ஆள் இல்லாமல் ஓட்டிப் பார்த்தால் வராத சத்தம், குடும்பத்தோடு போகும்போது வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் சோதனை ஓட்டத்திலும் அதே பாரம் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு ‘டிக்’

சில வண்டிகளில் சத்தம் தொடர்ந்து வராது. ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் நகரும்போது ஒன்று, காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போது ஒன்று, அவ்வளவுதான். இதன் கணக்கு சுழற்சியோடு சேர்ந்ததல்ல. விசையின் திசை எத்தனை முறை மாறுகிறதோ அத்தனை ‘டிக்’.

ஹைபிரிட்டில் இந்தத் திசை மாற்றம் ஓயாமல் நடக்கிறது. மிதித்தால் மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். காலை எடுத்தால் சக்கரம் மோட்டாரைச் சுற்றி மின்சாரம் உண்டாக்கும். பிரேக்கைத் தொட்டால் இது இன்னும் பலமாகும். போதாததற்கு, மின்மோட்டார் தன் முழு முறுக்குவிசையையும் நின்ற நிலையிலிருந்தே கொடுக்கும். ஹைகிராஸின் மோட்டாருக்கு அது 206 நியூட்டன் மீட்டர். இணைப்பில் எங்காவது மயிரிழை இடைவெளி இருந்தால், ஒவ்வொரு திசை மாற்றத்திலும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் முட்டும்.

இந்த வகையில் உலகெங்கும் பல நிறுவனங்களின் முன்சக்கர வண்டிகளில் காணப்படும் ஒன்று, ஹப் பேரிங்கும் டிரைவ் ஷாஃப்ட்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் எழும் சத்தம். பெரிய நட்டு இரண்டையும் இறுக்கிப் பிடித்திருக்கும். விசை திசை மாறும்போது தொடும் முகங்கள் முதலில் ஒட்டி நின்று, பிறகு சட்டென்று நழுவும். அந்த நழுவல்தான் ‘டிக்’. தேய்வு எதுவும் இல்லாததால் முகங்களைச் சுத்தம் செய்து, உரிய பசையைத் தடவி, புதிய நட்டைச் சொன்ன அளவுக்கு இறுக்கினால் தீர்ந்துவிடும். இதைத் தெரியாமல் முழு ஷாஃப்ட்டையும் மாற்றிப் பணம் இழப்பவர்கள் உண்டு. லோயர் ஆர்ம் புஷ், இன்ஜின் மவுண்ட் இரண்டும் தளர்ந்தாலும் திசை மாற்றத்தில் சத்தம் வரும். ஆனால் அது ‘டிக்’ என்று கூர்மையாக இருக்காது, ‘டொக்’ என்று கனமாக இருக்கும்.

அமைதி காட்டிக்கொடுக்கும் சத்தம்

பலமான ஒலி மெல்லிய ஒலியை மறைத்துவிடும் என்பது செவிப்புலன் ஆய்வில் அடிப்படைப் பாடம். டீசல் இன்னோவாவின் இரைச்சலில் அமுங்கியிருந்த எத்தனையோ சின்னச் சத்தங்கள், மோட்டாரில் நகரும் ஹைபிரிட்டில் வெளியே வந்துவிடுகின்றன. எல்லாமே பழுதல்ல.

வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது கேட்கும் ‘டக், டக்’ அதில் ஒன்று. ஹைகிராஸின் பேட்டரியில் 168 செல்கள் இருக்கின்றன. செல்லுக்கு 1.2 வோல்ட் வீதம் மொத்தம் 201.6 வோல்ட். இதை ஒரேயடியாக இணைத்தால் இன்வெர்ட்டரிலுள்ள மின்தேக்கிகளுக்குள் மின்னோட்டம் பாய்ந்து தொடுமுனைகள் கருகிவிடும். ஆகவே முதலில் ஒரு ரிலே மின்தடை வழியாக மெதுவாக நிரப்பும், பிறகு முதன்மை ரிலே மூடிக்கொள்ளும். அந்த ஒலிதான் அது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த ரிலேக்கள் சாதாரணமாகத் திறந்து மூடுவதில்லை. ஓட்டத்தில் மிதிக்கும்போது வரும் ‘டிக்’குக்கு ரிலே மேல் பழி போட முடியாது.

காது எங்கே ஏமாறும்

உள்ளே உட்கார்ந்து கேட்டால் சத்தம் வரும் இடத்தைச் சொல்வது கடினம். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும், எஃகில் 5,000 மீட்டருக்கு மேல். வலது சக்கரத்துச் சத்தம் உடற்சட்டம் வழியாக ஓடி இடது கதவில் ஒலிக்கலாம். ஜன்னலை இறக்கிவிட்டு, நீளமான காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டினால் அந்தப் பக்கச் சக்கரத்தின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பித் தெளிவாகக் கேட்கும். பெரிய பட்டறைகளில் ஒவ்வொரு பாகத்திலும் சிறு மைக் ஒன்றைக் கவ்வவிட்டு, ஓட்டிக்கொண்டே மாற்றி மாற்றிக் கேட்கும் கருவி உண்டு. அது இல்லாவிட்டால் பின்னால் உட்கார்ந்தவர் கையிலுள்ள செல்போன் பதிவே போதும். பதிவை நிதானமாகப் போட்டு எண்ணிக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது வீல் நட்டு. பஞ்சர் ஒட்டிய பிறகோ டயர் மாற்றிய பிறகோ புதிதாக ‘டிக்’ தொடங்கினால், ஓரமாக நிறுத்தி நட்டுகளை இறுக்கிப் பார்க்காமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. தொடக் கூடாததும் ஒன்று உண்டு: ஆரஞ்சு நிறக் கேபிள்கள். அவற்றில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் ஓடுகிறது, அதற்குப் பயிற்சி பெற்றவர்தான் கை வைக்க வேண்டும்.

சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் ‘டிக் சத்தம்’ என்று இரண்டு வார்த்தை எழுதினால், மெக்கானிக் ஊகத்தில் தொடங்கி, ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டு போவார். ‘இன்ஜின் ஓடாதபோதும் வருகிறது, 20 கிலோமீட்டர் வேகத்தில், இடப்பக்கம் திருப்பி மிதித்தால் மட்டும், சக்கரச் சுற்றுக்கு ஒன்று, காலை எடுத்தால் நிற்கிறது’ என்று எழுதிப் பாருங்கள். அவர் நேராக டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்தின் பூட்டைப் பார்க்கக் குனிவார்.