வானத்திலும் உண்டு நெரிசல்!



நெரிசல் என்றதும் உங்களுக்கு நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வரும். தீபாவளிக்கு முந்தின நாள் ஜவுளிக்கடை ஞாபகம் வரும். ஆனால் கண்ணுக்கே தெரியாத ஒரு நெரிசலும் இருக்கிறது. அது பேச்சு நெரிசல். அதனால் உயிரே கூடப் போகலாம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

போன வருஷம் ஆவணி மாசம் ஒரு ராத்திரி, நடுக்கடலில் எங்க மாமா போட்டு இன்ஜின் நின்னுபோச்சு. மாமா வயர்லெஸ் செட்டில் கூப்பிட்டிருக்காங்க. எங்க அப்பா போட்டு ரொம்ப தூரத்தில் இல்லை. செட்டும் ஆன்ல தான் இருந்துச்சு. ஆனா அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த வேற ஒரு போட்டுக்காரர் அதே சேனலில் மீன் விலையைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தார். அந்தப் பேச்சு மட்டும் கணீர்னு கேட்டுச்சு. மாமா குரல் ஒரு துளிகூடக் கேக்கல. அவர் பேசி முடிச்ச பிறகுதான் மாமா கூப்பிட்டது கேட்டுச்சு. அப்பா போய்க் கயிறு கட்டி இழுத்துக்கிட்டு விடியக்காலம் கரைக்கு வந்தாங்க.

"கிட்டத்தில் இருந்தும் ஏன் கேக்கல?" என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். "உங்க அப்பா செட்டு எஃப்.எம். முறையில வேலை செய்யுது. அதுல பலமான குரல் வந்தா, பலம் குறைஞ்ச குரல் அடியோட அமுங்கிப் போயிடும். விமானத்துல ஏ.எம். முறை. அங்கேயும் இதே தொல்லை உண்டு, படிச்சுப் பாரு" என்று சொல்லிச் சில தாள்கள் கொடுத்தார்கள். அதில் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

கோபுரம் இல்லாத விமான நிலையங்கள்

பெரிய விமான நிலையங்களில் கட்டுப்பாட்டுக் கோபுரம் இருக்கும். "நீ இறங்கு, நீ நில்லு" என்று சொல்ல அங்கே ஆள் இருப்பார். ஆனால் அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்கள் சுமார் 5,000 இருக்கின்றன. அவற்றில் கோபுரம் உள்ளவை சுமார் 500 தான்! மற்றவை எல்லாம் சின்னச் சின்ன ஊர்களின் நிலையங்கள். அங்கே யார் இறங்குவது, யார் கிளம்புவது என்பதை விமானிகளே ரேடியோவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இந்த நிலையங்களில் பல, 122.8 மெகாஹெர்ட்ஸ் போன்ற ஒருசில அலைவரிசைகளையே பங்கு போட்டுக்கொள்கின்றன. நம்ம தெருவில் ஒரே குழாயில் எல்லா வீட்டுக் குடமும் வரிசையில் நிற்கிற மாதிரி.

உயரப் போனால் தொல்லை

இந்த ரேடியோ அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை. அதனால் தரையில் நின்று கைசெட்டில் பேசினால் சில கிலோமீட்டர் தான் எட்டும். ஆனால் 1,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் பேச்சு தரையில் சுமார் 130 கிலோமீட்டர் தூரம் வரை கேட்கும். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விமானங்களும் அந்த உயரத்தில் இருந்தால் 260 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்கும். அதாவது, எங்கேயோ ஒரு ஊரில் இறங்குகிற விமானி பேசுவது, சம்பந்தமே இல்லாத இன்னொரு ஊர் விமானியின் காதில் வந்து விழும்!

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால்? ஏ.எம். முறையில் "கீய்ங்" என்று விசில் மாதிரி சத்தம் வரும். பேச்சு புரியாது. ஆனால் இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள் என்றாவது தெரியும். எங்க அப்பா செட்டில் அதுகூடத் தெரியவில்லை.

583 உயிர்கள்

1977 மார்ச் 27. ஸ்பெயின் நாட்டின் டெனெரீஃப் தீவில் லாஸ் ரோடியோஸ் என்ற விமான நிலையம். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், பெரிய பெரிய விமானங்கள் எல்லாம் இந்தச் சின்ன நிலையத்துக்குத் திருப்பி விடப்பட்டன. ஒரே மூடுபனி. டச்சு விமானம் ஓடுபாதையின் ஒரு முனையில் கிளம்பத் தயாராக நின்றது. அமெரிக்க விமானம் ஒன்று அதே ஓடுபாதையில் எதிரே வந்துகொண்டிருந்தது.

கோபுரத்தில் இருந்தவர் டச்சு விமானத்தைக் காத்திருக்கச் சொன்னார். அதே நொடியில் அமெரிக்க விமானி, தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்றார். இரண்டு பேச்சும் மோதியதால் டச்சு விமானத்தில் விசில் சத்தம்தான் கேட்டது. ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்த அது நிற்கவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்துபோனார்கள். விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்தச் சில நொடி மோதலும் ஒரு காரணம்.

நெரிசலைக் குறைப்பது எப்படி?

1. பட்டையைப் பிரிப்பது. நம்ம எஃப்.எம். ரேடியோ 108 மெகாஹெர்ட்ஸோடு முடியும். விமானிகளின் பேச்சு 118 முதல் 137 வரை. மொத்தம் 19 மெகாஹெர்ட்ஸ். ஒரு சேனலுக்கு 25 கிலோஹெர்ட்ஸ் இடம் விட்டால் 760 சேனல்கள் கிடைக்கும். (கணக்குப் போட்டுப் பாருங்கள்!) ஐரோப்பாவில் ஒரு மனையை மூணு பங்கு வைத்த மாதிரி, 25-ஐ மூன்றாக்கி 8.33 கிலோஹெர்ட்ஸ் ஆக்கினார்கள். இப்போது 2,280! 1999-இல் மிக உயரத்தில் பறக்கும் விமானங்களுக்கு இது வந்தது. 2018 முதல், சில விலக்குகள் தவிர, சிறு விமானங்களுக்கும் கட்டாயம். ஆனால் பழைய செட்டை மாற்றிப் புதுசு வாங்கவேண்டும். செலவு அதிகம்.

2. வேறு வேலைக்கு வேறு அலைவரிசை. "அங்கே காற்று எப்படி?" என்று ஒவ்வொருவரும் கேட்டால் நேரம் போகும். அதனால் பல சின்ன நிலையங்களில் ஒரு தானியங்கிக் கருவி, தனி அலைவரிசையில் வானிலையைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

3. பேசும் முறை. இதற்குச் செலவே இல்லை! முதலில் கேட்க வேண்டும். யாரும் பேசாதபோதுதான் பொத்தானை அமுக்க வேண்டும். ஊர்ப் பேர், நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன செய்யப் போகிறேன், மறுபடி ஊர்ப் பேர். அவ்வளவுதான். ஊர்ப் பேரை இரண்டு தடவை சொல்வது ஏன்? பல ஊர்களுக்கு ஒரே அலைவரிசை. முதல் வார்த்தை காதில் விழாமல் போனாலும் கடைசி வார்த்தை காப்பாற்றும்.

"அந்தப் பக்கம் இருக்கிறவங்க எல்லாரும் சொல்லுங்க" என்று கேட்கவே கூடாது என்று அமெரிக்க விமானிகளுக்கான வழிகாட்டி சொல்கிறது. ஏன் தெரியுமா? வகுப்புத் தலைவர் "யார் யார் வரல?" என்று கேட்டதும் நாம எல்லாரும் ஒண்ணாக் கத்துவோமே, அதே கதைதான்!

உங்களுக்குத் தெரியுமா?
அமெரிக்காவின் பல சின்ன நிலையங்களில் ராத்திரி ஓடுபாதை விளக்கு அணைந்திருக்கும். விமானி வானத்திலிருந்தே மைக் பொத்தானை 5 நொடிக்குள் 7 தடவை அமுக்கினால் விளக்கு பிரகாசமாக எரியும். ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம்!

நாம் செய்ய வேண்டியது

எத்தனை சேனல் பிரித்தாலும், ஒருவர் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தால் அந்தச் சேனலில் மற்றவருக்கு வழி இல்லை. எனக்குப் புரிந்தது இதுதான். கடலிலும் 16-ஆம் சேனல் கூப்பிடுவதற்கும் ஆபத்துக்கும் உள்ளது. கூப்பிட்டதும் வேறு சேனலுக்குப் போய்ப் பேச வேண்டும்.

நான் ஒரு அட்டையில் நாலு வரி எழுதி அப்பாவிடம் கொடுத்தேன்: "முதலில் கேள். சுருக்கமாகச் சொல். பேரையும் இடத்தையும் சொல். கதை பேச வேறு சேனல்." அப்பா சிரிச்சாங்க. ஆனா மறுநாள் பார்த்தா, அந்த அட்டை செட்டுக்கு மேல ஒட்டியிருந்துச்சு. மாமாவும் ஒண்ணு எழுதி வாங்கிட்டுப் போனாங்க.

நம்ம பள்ளியில் பாதிப்பேர் வீட்டில் அப்பாவோ அண்ணனோ கடலுக்குப் போறாங்க. நீங்களும் ஒரு அட்டை எழுதிக் கொடுங்கள். நாம் பேசாமல் இருக்கும் அரை நிமிஷத்தில் யாரோ ஒருவர் உதவி கேட்கலாம்.



— 9-ஆம் வகுப்பு மாணவி