முதுகெலும்பும் நம்மவர் உழைப்பும்

ஜங்புராவில் பாராபுல்லா ஓடைக்கரையில் இருந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1-ஆம் தேதி இடிக்கப்பட்டது. தகுதியுடையோர் எனக் கண்ட குடும்பங்களுக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கினர். அங்கு வாழ்ந்த நம் பெண்மணிகளுள் பலர் அண்டை வீடுகளில் பெருக்கியும் துடைத்தும் பாத்திரம் துலக்கியும் பிழைத்தவர்கள். ஆடவரோ கூலி வேலை செய்தவர்கள். முதுகின் பலத்தால் சோறு உண்ணும் இத்தகைய குடும்பங்கள் முதுகெலும்பின் அமைப்பைச் சிறிதேனும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

பிறக்கும்போது முதுகெலும்பில் 33 முள்ளெலும்புகள் உள்ளன. கழுத்தில் 7, ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்திலும் ஏழே என்பது வியப்பன்றோ! மார்பில் 12, இவற்றோடு விலா எலும்புகள் பொருந்தியுள்ளன. இடுப்பில் 5, உடற்பாரத்தைத் தாங்குவதால் இவையே பருத்தவை. குனிந்து குடம் தூக்குங்கால் வலிப்பதும் பெரும்பாலும் இங்கேதான். அதன் கீழ் ஐந்து எலும்புகள் வளர்ந்தவரிடத்து ஒன்றாய் இணைந்து திருவெலும்பு ஆகின்றன. இறுதியில் சிறு எலும்புகள் நான்கு சேர்ந்தது வாலெலும்பு.

எலும்புகளினும் அருமையானது அவற்றின் துளைவழியே இறங்கும் தண்டுவடம். சுண்டுவிரல் பருமனேயுள்ள இவ்வடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்பருகே முடிந்துவிடுகிறது. அப்பால் செல்பவை நரம்புக் கற்றைகளே. மூளையின் கட்டளை இதன்வழியே இறங்குவதால், எவ்விடத்தில் அறுபடுகிறதோ அதற்குக் கீழுள்ள பகுதி செயலற்றுப் போகும். கழுத்தின் மேற்பகுதியில் சேதமுற்றால் மூச்சே நின்றுவிடக்கூடும்.

வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் மோட்டார் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். காயம் கழுத்திற்குக் கீழே நேர்ந்தமையால் கைகள் தப்பின. சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரிக்கான உடற்தேர்வில் கழுத்தில் அடிபட்டார். அவருக்குக் கைகளும் கால்களும் ஒருங்கே செயலிழந்தன. 1981-இல் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கம் தென்காசிப் பகுதியில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பெருந்துணையாய் விளங்குகிறது. சில அங்குல இடைவெளி இருவர் வாழ்வையும் எத்துணை வேறாக்கிற்று!

டில்லி வாசிகள் அறியவேண்டிய பெயர் மேஜர் அலுவாலியா. 1965 மே மாதம் எவரெஸ்ட் ஏறிய அவர், அவ்வாண்டே பாகிஸ்தானுடன் நிகழ்ந்த போரில் குண்டடிபட்டு நடக்கவியலாதவரானார். வசந்த் குஞ்சிலுள்ள முதுகுத்தண்டுக் காய மருத்துவமனை அவர் நிறுவியதே.

சாரத்திலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ ஒருவர் விழுந்தால், கைகால்களைப் பற்றித் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்காரவைப்பதே நம்மவர் வழக்கம். அன்பினால் செய்வதுதான், எனினும் எலும்பு மட்டும் உடைந்து வடம் தப்பியிருந்தவருக்கு அத்தூக்குதலே வடத்தை நசுக்கிவிடலாம். தீ, வெள்ளம் போன்ற உடனடி ஆபத்து இல்லையெனில் விழுந்த இடத்திலேயே அசையாது கிடக்கச் செய்க. ஒருவர் அவர் தலையை இருகைகளாலும் அசையாது பிடித்துக்கொள்ள, மற்றவர் 112-க்குத் தொலைபேசியில் தெரிவிக்கட்டும். நீரோ காப்பியோ புகட்டலாகாது. "எனக்கொன்றுமில்லை, எழுந்திருக்கிறேன்" என்று அவரே கூறினும், கழுத்தோ முதுகோ வலித்தாலும், கால் மரத்தாலும், ஆம்புலன்ஸ் வரும்வரை எழ விடலாகாது.