ஊடலிலிருந்து உயிரச்சத்திற்கு: குண்டலகேசிக் கதையில் மனைவியின் ஐயமும் கொல்லிப்பாவை மரபும்

ஆய்வுச் சுருக்கம்

புதுமணப்பெண் தன் கணவனை ஐயுறுவதும், அந்த ஐயம் மெய்யா பொய்யா என்னும் வினாவே கதையை நடத்திச் செல்வதும் இன்றைய தொலைக்காட்சி மர்மப் படங்களில் பெருவழக்காக உள்ளன. இக்கதைமுறை மேலைநாட்டிலிருந்து வந்த புதுவரவு எனக் கருதப்படுகிறது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசியின் கதைக்கரு இதே கதைமுறையைக் கொண்டிருப்பதையும், தமிழ் அக மரபு வகுத்த ஐயம், ஊடல் என்னும் துறைகளில் அடங்காத மூன்றாவது வகை ஐயத்தை அது முன்வைப்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. மலையைக் களமாகக் கொண்ட கொல்லிப்பாவை மரபு ஒப்புநோக்கிற்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குண்டலகேசி, ஐயம், ஊடல், கொல்லிப்பாவை, தேரிகாதை, மந்திரிகுமாரி

முன்னுரை

செல்வர் வீட்டுத் திருமணம், அன்புடைய கணவன், பூட்டிய அறை அல்லது மறைத்த கடிதம், ‘இவர் யார்?’ என்று மனைவியின் உள்ளத்தில் எழும் முதல் வினா. தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்படும் மர்மப் படங்கள் பலவற்றின் தொடக்கம் இவ்வாறே அமைகிறது. பார்ப்பவரை இறுதிவரை இருத்தி வைப்பது கொலையன்று. மனைவியின் ஐயத்தை நம்புவதா, மறுப்பதா என்னும் ஊசலாட்டமே ஆகும்.

இத்தகைய கதைகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் இவற்றின் அடியில் கிடக்கும் வினா எளியதன்று. ஒரு பெண் தன் இல்லத்திற்குள்ளேயே உணரும் அச்சம் அறிவாக ஏற்கப்படுமா, மனமயக்கமாகத் தள்ளப்படுமா? இவ்வினாவிற்குத் தமிழ் இலக்கியம் என்ன விடை வைத்துள்ளது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கலாகும்.

அக மரபில் ஐயம்

‘ஐயம்’ என்பது தமிழ் அகப்பொருள் இலக்கணத்தில் வரையறுக்கப்பட்ட கலைச்சொல். தொல்காப்பியக் களவியலில் காட்சியை அடுத்து நிகழ்வது ஐயம். எதிர்ப்பட்டவள் மானுடப் பெண்ணா, தெய்வமா எனத் தலைவன் மயங்குவதே அது. திருக்குறளின் காமத்துப்பால் தொடங்குவதும் இதே மயக்கத்தில்தான் (குறள் 1081). எனவே இலக்கணம் கூறும் ஐயம் ஆணுக்கு உரியது. அழகைக் கண்டு வியப்பதால் பிறப்பது. அச்சத்திற்கு அதில் இடமில்லை.

பெண்ணுக்கு ஐயமே இல்லையோ எனின், உண்டு. அது மருதத் திணையில் ஊடலாக வடிவம் பெறுகிறது. தலைவனின் பரத்தமையைத் தலைவி அறிகிறாள் அல்லது அறிந்ததாகக் கொள்கிறாள், புலக்கிறாள், வாயில் மறுக்கிறாள். எனினும் ஊடலுக்கு ஓர் எல்லை உண்டு. அது கூடலில் முடியவேண்டும் என்பது மரபு. ஊடும் தலைவி கணவனின் அன்பையே ஐயுறுகிறாள். தன் உயிருக்கு அவனால் கேடு வரும் என எண்ணுவதில்லை. வியப்பின் ஐயம், புலவியின் ஐயம் என்னும் இரண்டிற்கு அப்பால், கணவனால் உயிர் போகக்கூடும் என அஞ்சும் ஐயத்திற்கு அகத்திணையில் துறை வகுக்கப்படவில்லை.

கொல்லிப்பாவை: ஆண் நோக்கில் ஓர் அச்சம்

இவ்விடத்தில் கொல்லிமலை நினைவிற்கு வருகிறது. 1997ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட நாமக்கல் மாவட்டத்தில் உள்ள இம்மலை, சங்க காலத்தில் வல்வில் ஓரிக்கு உரியதாயிருந்தது. ஓரியைக் காரி கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்த செய்தியை அகநானூறு (209) கூறும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலைமேல் ஏறுவோர் இன்றும் கேட்கும் கதை கொல்லிப்பாவையினுடையது. தெய்வத்தால் அமைக்கப்பட்ட அப்பாவை, தன்னை நாடி வருவோரைச் சிரித்து மயக்கி உயிர் வாங்கும் என்பது செவிவழி வழக்கு. மலைமேல் உள்ள எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவையாகக் கருதி வழிபடுவோரும் உளர்.

சங்கப் பாடல்களில் இப்பாவை பெரும்பாலும் தலைவியின் அழகிற்கு உவமையாக வருகிறது. காற்றும் மழையும் இடியும் தாக்கினும், நிலமே நடுங்கினும் தன் வடிவம் திரியாத பாவையை நற்றிணை (201) காட்டுகிறது. நற்றிணை (185) ஒருபடி மேலே செல்கிறது. தெய்வம் எழுதிய அப்பாவையைப் போன்றவள் தன்னைக் கொல்லத் துணிந்துவிட்டாள் என்று தலைவன் நொந்து உரைக்கிறான். இங்கே ‘கொலை’ என்பது காதல் நோயின் மிகையுரை. தலைவனுக்கு உண்மையில் ஊறு எதுவும் நேர்வதில்லை.

ஆக, மலையில் நின்று கொல்லும் பெண் என்னும் படிமம் தமிழில் தொன்மையானது. ஆனால் அது ஆணின் அச்சத்தைப் பேசுவது. கொல்லப்பட இருக்கும் பெண்ணின் அச்சத்தைப் பேசுவதற்குத் தமிழ் மற்றொரு மலையுச்சியைத் தேடவேண்டியதாயிற்று. அதனைத் தந்தது பௌத்தம்.

குண்டலகேசி: கதையும் வடிவங்களும்

நாதகுத்தனார் இயற்றிய குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை. இன்று தனியே பதிப்பிக்கப்படுவன 19 பாடல்களே. அவையும் நிலையாமை முதலிய அறங்களைப் பேசுவன. கதை நிகழ்ச்சிகளைப் பேசுவன அல்ல. காப்பியத்தின் கதையை நாம் அறிவதற்கு, அதனை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசியும் அதற்குச் சமய திவாகர வாமன முனிவர் எழுதிய உரையுமே பெரிதும் துணைசெய்கின்றன. எதிர்த்த நூலே எதிர்க்கப்பட்டதன் நினைவைக் காத்தது எனலாம்.

பாலி மொழியில் தேரிகாதையின் உரையும் தம்மபத உரையும் இதே கதையை விரிவாகக் கூறுகின்றன. இராசகிருகத்துச் செல்வ வணிகன் மகள் பத்தா. கொலைக்களத்திற்கு இட்டுச்செல்லப்படும் கள்வன் சத்துகனைச் சாளரத்தின் வழியே கண்டு காதல் கொள்கிறாள். அவன் அரச புரோகிதனின் மகன். தந்தை காவலருக்குப் பொருள் கொடுத்து அவனை மீட்டு மகளுக்கு மணம் முடிக்கிறான். சில நாட்களில் சத்துகனின் மனம் அவளுடைய அணிகலன்கள்மீது செல்கிறது. மலைத் தெய்வத்திற்கு நேர்த்திக்கடன் உண்டு என்று கூறி, அணிகளுடன் அவளைக் கள்வரைத் தள்ளிக் கொல்லும் செங்குத்துப் பாறைக்கு அழைத்துச் செல்கிறான்.

தமிழில் வழங்கும் வடிவத்தில் கணவன் பெயர் காளன், மனைவி பத்திரை. இங்கே கொலைக்குக் காரணம் நகையன்று. ஊடற்பொழுதில் பத்திரை, ‘நீ கள்வன் அல்லையோ’ எனும் பொருள்பட ஒரு சொல் சொல்லிவிடுகிறாள். அச்சொல் காளன் நெஞ்சில் தைக்கிறது. சினத்தை மறைத்து, அன்புடையான்போல் அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று, தன் கருத்தை அங்கே வெளிப்படுத்துகிறான்.

இம்மாற்றம் சிறப்பாக நோக்கத்தக்கது. பாலி வடிவில் கொலையின் காரணம் பேராசை. தமிழ் வடிவில் அது புண்பட்ட ஆண்மைச் செருக்கு. அதுவும் ஊடலின் நடுவே பிறப்பது. கூடலில் முடியவேண்டிய ஊடல் கொலைத் திட்டத்தில் முடிகிறது. மருதத்தின் வாய்பாட்டை எடுத்துக்கொண்டு அதன் உறுதிமொழியை உடைத்திருக்கிறது இவ்வடிவம். ‘ஊடினால் உயிருக்குக் கேடில்லை’ என்னும் அக மரபின் நம்பிக்கை எல்லா இல்லங்களுக்கும் பொருந்துவதன்று என்பதை இது உணர்த்துகிறது.

மூன்று முறை வலம்வருதல்

இரு வடிவங்களிலும் உச்சக்கட்டம் ஒன்றே: கணவனே உச்சியிலிருந்து வீழ்கிறான். வழிமுறையில் மட்டும் வேறுபாடு உண்டு. தேரிகாதையின் உரையில் பத்தா, அணிகளோடு ஒருமுறை தழுவிக்கொள்ள விடை கேட்கிறாள். முன்புறம் தழுவி, பின்புறமும் தழுவுவாள்போல் சென்று தள்ளிவிடுகிறாள். தமிழில் பத்திரை, இறக்குமுன் கணவனை மும்முறை வலம்வந்து வணங்க வேண்டும் என்கிறாள். மூன்றாம் சுற்றில் தள்ளுகிறாள்.

கணவனைத் தெய்வமாக வணங்கும் சடங்கு இங்கு உயிர்காக்கும் உத்தியாகிறது. காளன் அதற்கு இசைவதன் காரணம் அவனுக்கு ஐயமே எழாமைதான். தான் வணங்கப்படுவது இயல்பு என அவன் எண்ணுகிறான். ஐயுறத் தெரிந்தவள் பிழைக்கிறாள். ஐயுறத் தெரியாதவன் வீழ்கிறான். ஆராயாமல் தெளிதலும், தெளிந்தபின் ஐயுறுதலும் தீராத் துன்பம் தரும் என்பது வள்ளுவர் கருத்து (குறள் 510). பத்திரை முதற்பிழையைச் செய்தவள், ஆராயாமல் காதலித்தவள். அப்பிழையால் வந்த துன்பத்தினின்று தன் மதியாலேயே மீள்கிறாள். பாலி உரையில் மலைத் தெய்வம் அவளைப் பழிக்கவில்லை. எங்கும் ஆடவரே அறிவுடையோர் அல்லர், விழிப்புடைய பெண்டிரும் அறிவுடையோரே என்று போற்றுகிறது.

மேலைப் படங்களோடு ஓர் ஒப்பீடு

ஐயுறும் மனைவி கதைமுறையின் புகழ்பெற்ற மேலை வடிவங்கள் இரண்டை இங்கு ஒப்பிடலாம். ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் ‘சஸ்பிஷன்’ (1941) படத்தில் செல்வர் மகளான மனைவி, கணவன் தன்னைக் கொல்லப் பார்க்கிறான் என அஞ்சுகிறாள். இறுதியில் அவளுடைய ஐயம் பொய்யாகிறது. மூலமான புதினத்தில் (1932) அந்த ஐயம் மெய். மனைவி அறிந்தே உயிர் விடுகிறாள். ஜார்ஜ் கியூக்கரின் ‘கேஸ்லைட்’ (1944) படத்தில் கணவன் நகைக்காகவே அவளை மணந்தவன். அவள் காண்பதும் கேட்பதும் மனமயக்கமே என்று அவளையே நம்பவைக்கிறான். அவளை மீட்பவர் ஒரு காவல்துறை அதிகாரி. ஒருவரின் அறிவை அவரே ஐயுறச் செய்யும் கொடுமையைக் ‘கேஸ்லைட்டிங்’ என உளவியலாளர் குறிப்பது இக்கதையிலிருந்து வந்த வழக்கே.

இவற்றால் மூவகை முடிவுகள் பெறப்படுகின்றன. ஐயம் பொய்யாதல், ஐயம் மெய்யாகி அவள் மடிதல், ஐயம் மெய்யாகிப் பிறரால் மீட்கப்படுதல். குண்டலகேசி நான்காவதைத் தருகிறது: ஐயம் மெய்யாகித் தன்னாலேயே தான் மீளுதல்.

இம்முடிவு இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்த் திரையிலும் தொடர்ந்தது. கொல்லிமலைக்கு அணித்தாகிய சேலத்தில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1950இல் ‘மந்திரிகுமாரி’யை வெளியிட்டது. உரையாடல் மு. கருணாநிதி, இயக்கம் எல்லிஸ் ஆர். டங்கன், டி. ஆர். சுந்தரம். மாதுரி தேவி ஏற்ற அமுதவல்லி, எஸ். ஏ. நடராஜன் ஏற்ற பார்த்திபனை மும்முறை வலம்வந்து மலையுச்சியிலிருந்து தள்ளுகிறாள். பார்த்திபன் இராசகுருவின் மகனாக அமைக்கப்பட்டிருப்பது பாலி உரையின் புரோகிதன் மகனை நினைவூட்டுகிறது. வலம்வருதலோ தமிழ் வடிவை நினைவூட்டுகிறது. இரு மரபுகளின் கூறுகளும் ஒரே காட்சியில் கலந்துள்ளன. கணவனைக் கொல்லும் மனைவியைத் தமிழ்ப் பார்வையாளர் அன்று வெறுக்கவில்லை. அக்காட்சியே படத்தின் நினைவாக நிலைத்தது.

இரண்டாவது மலை

தேரிகாதையில் (107–111) பத்தா கூறுவனவாக வரும் பாடல்களில் கணவனும் இல்லை, கொலையும் இல்லை. முன்பு தான் தலைமயிர் களைந்து, அழுக்குடலோடு திரிந்து, குற்றமற்றதில் குற்றத்தையும் குற்றமுள்ளதில் குற்றமின்மையையும் கண்டதாக அவள் சொல்கிறாள். பின்னர்க் கழுகுமலையில் புத்தரைக் கண்டு துறவு பெறுகிறாள். உரைகள் கூறும் மலையில் அவள் ஒருவனின் உண்மையை அறிந்தாள். பாடலில் வரும் மலையில் தன் காட்சிப் பிழையை அறிந்தாள். ஐயம் பழிவாங்கலில் நின்றுவிடாமல் வாதமாகவும் ஞானமாகவும் வளர்வதே இக்காப்பியக் கதையை மர்மக்கதை என்னும் எல்லைக்கு அப்பால் கொண்டுசெல்கிறது. விரைந்து மெய்யுணர்ந்தோருள் முதன்மையானவள் எனப் பௌத்த மரபு அவளைப் போற்றுவதும் இதுபற்றியே.

இன்றைய பொருத்தம்

புதுமணக் காலமே பெண்ணுக்கு இடர் மிகுந்த காலமாகக்கூடும் என்பதைச் சட்டமும் ஏற்றுள்ளது. 1986இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 304-ஆ பிரிவு, திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் பெண் இயல்புக்கு மாறாக இறந்து, இறப்பிற்குச் சற்றுமுன் வரதட்சணைக் கொடுமைக்கு உள்ளாகியிருந்தால், அதனை வரதட்சணை மரணமாகக் கொள்கிறது. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 80ஆம் பிரிவு அதனைத் தொடர்கிறது. ஆனால் இப்பிரிவு பேசத் தொடங்குவது அவள் இறந்தபின். உயிரோடிருக்கும் பெண்ணின் அச்சத்திற்குச் செவிகொடுக்க 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் வரவேண்டியிருந்தது. அச்சட்டம் இருந்தும், ‘புதிதில் அப்படித்தான் இருக்கும், பொறுத்துப்போ’ என்னும் அறிவுரையே பல வீடுகளில் முதலில் கிடைக்கிறது. பத்திரை மலையுச்சியில் தனித்து நிற்க நேர்ந்தது, அதற்கு முன் அவளுடைய ஐயத்தைக் கேட்க ஒருவரும் இல்லாமையால்தான் என்று கதையை இன்று வாசிக்க இடமுண்டு.

முடிவுரை

அகத்திணை இலக்கணம் வியப்பின் ஐயத்தை ஆணுக்கும் புலவியின் ஐயத்தைப் பெண்ணுக்கும் வகுத்தது. உயிரச்சத்தின் ஐயத்தைக் குண்டலகேசி கதையாக்கியது. கொல்லிப்பாவை மரபில் பெண்ணின் கொலைத்தன்மை ஆணின் கற்பனை; குண்டலகேசிக் கதையில் ஆணின் கொலைத்தன்மை பெண்ணின் அனுபவம். தமிழ் வடிவம் கொலைக் காரணத்தை ஊடலில் வைத்ததன் வாயிலாக அக மரபோடு நேரடியாக உரையாடுகிறது. எனவே, ஐயுறும் மனைவியைப் பற்றிய இன்றைய தொலைக்காட்சிக் கதைகளை அயல்வரவு என்று மட்டும் கொள்ளாமல், இத்தொன்மையான கதைமரபோடு இணைத்து ஆராய்வது தகும். பெரும்பகுதி அழிந்த ஒரு காப்பியத்திலிருந்து மலையுச்சிக் காட்சி மட்டும் அழியாமல் மக்கள் நினைவில் தங்கியது. அக்காட்சி எழுப்பும் வினாவிற்கு நம் இல்லங்கள் இன்னும் விடை கூறி முடிக்கவில்லை.