முதற்கவளமும் பெற்றோர் கடமையும்



பால் மணம் மாறாத மழலைக்கு ஊட்டப்படும் முதற்கவளம் வெறும் அடுக்களை அலுவல் அன்று. அதற்கும் திருமறையில் வழிகாட்டுதல் உண்டு. 'அல்பகரா' அத்தியாயத்தின் 233ஆம் வசனம், பாலூட்டலை நிறைவு செய்ய நாடுவோருக்கு அதன் காலம் முழுமையாக இரண்டாண்டுகள் என வகுக்கிறது. தாய்க்கு முறைப்படி உணவும் உடையும் அளிப்பதைத் தந்தையின் பொறுப்பாக்குகிறது. பிள்ளையின் பொருட்டுத் தாயோ தந்தையோ துன்புறுத்தப்படலாகாது எனத் தடுக்கிறது. பால்குடியை முன்னதாகவே நிறுத்த விரும்பின், இருவரும் மனமொப்பி, கலந்தாலோசித்து முடிவு செய்தால் குற்றமில்லை என்றும் அனுமதிக்கிறது.

சற்றே சிந்தியுங்கள்! சமுதாயக் காரியங்களுக்கு 'மஷ்வரா' எனும் ஆலோசனையை வலியுறுத்தும் மார்க்கம், ஒரு பச்சிளங்குழந்தையின் பால்குடிக்கும் அதையே விதித்துள்ளது.

கடல் கடந்த தந்தையர்

நமது முத்துக்குளித் துறைக்கு இப்போதனை மிகவும் தேவை. தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு ஓய்ந்தது. பொருள் தேடிக் கடல் கடக்கும் வழக்கமோ ஓயவில்லை. காயல்பட்டினத்தில் மணமான பெண்கள் தாய்வீட்டிலேயே வாழ்வது நெடுநாளைய மரபு. ஆடவர் பலர் அயல்நாடுகளில் உழைக்கின்றனர். ஆகவே, குழந்தைக்கு எதை, எப்போது ஊட்டுவது என்பதைப் பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்மணிகளே தீர்மானிக்கின்றனர். "பால் போதவில்லை" என்று ஒருவர் சொல்லிவிட்டால், மூன்றாம் மாதத்திலேயே புட்டிப்பாலும் கூழும் புகுந்துவிடுகின்றன.

மூத்தோரின் அன்பில் ஐயமில்லை. அவர்தம் அனுபவமும் போற்றத்தக்கதே. எனினும், ஆலோசிக்கும் கடமையை இறைவன் பெற்றோர் இருவரிடமே ஒப்படைத்துள்ளான். அன்று கடிதம் வந்து சேரப் பல நாட்கள் ஆயின. இன்று நொடியில் முகம் பார்த்துப் பேசலாம். பணம் அனுப்பியதோடு தம் கடமை முடிந்ததெனத் தந்தையர் எண்ணலாகாது.

மருத்துவர் கூறும் காலம்

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூட வேண்டியதில்லை. அதன்பின் இரும்புச்சத்து முதலியவற்றுக்குத் தாய்ப்பால் மட்டும் போதாது. பிற உணவும் சேரவேண்டும். இரண்டு வயது வரையிலும் அதற்குப் பின்னரும் பாலூட்டலைத் தொடரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை இதுவே. திருமறை கூறும் ஈராண்டுக் காலத்துடன் இஃது இசைந்திருப்பதைக் காண்க!

குழைய வேகவைத்த சோறும் பருப்பும், கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், முட்டை, முள் நீக்கிய மீன் என நம் அடுக்களையிலேயே எல்லாம் உண்டு. இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுக. ஓராண்டு நிறையும்வரை தேனைத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர்.

கலீஃபா கேட்ட அழுகுரல்

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், பால்குடி மறந்த குழந்தைகளுக்கே பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வழங்கப்பட்டு வந்தது. ஓரிரவு, மதீனாவில் தங்கியிருந்த வணிகக் கூட்டத்தாருக்குக் காவலாக அவர்கள் சென்றபோது, ஒரு குழந்தையின் ஓயாத அழுகுரல் கேட்டது. காரணம் வினவினார்கள். வந்தவர் யாரென அறியாத தாய், உமரின் உதவித்தொகையைப் பெறுவதற்காகவே உரிய காலத்திற்கு முன் பால்குடியை மறக்கச் செய்வதாகக் கூறினாள். கலீஃபாவின் உள்ளம் துடித்தது. அன்று வைகறைத் தொழுகையில் அழுகையினால் அவர்கள் ஓதியது மக்களுக்கு விளங்கவில்லை. தொழுகை முடிந்ததும், பால்குடி நிறுத்த அவசரப்பட வேண்டாம், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு என அறிவிக்கச் செய்தார்கள்.

இன்றும் வறுமை தாயின் பாலைப் பறிக்கிறது. பிள்ளையை வீட்டில் விட்டு, விடியுமுன்னே உப்பளத்திற்குச் செல்லும் தாய்மார் நம் அருகிலேயே உள்ளனர். அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கும், பாலூட்டும் தாய்மார்க்கும் சத்துமாவு கிடைக்கிறது. அதை வாங்கத் தயங்காதீர். ஆனால் முதல் ஆறு மாதங்களில் அத்தாய் வேலைக்கு ஓடாதிருக்க வழி செய்வது யார்? ஜமாஅத்தின் பைத்துல்மாலும் செல்வர்களின் ஸகாத்தும் அவ்வீட்டு வாசலைத் தேடிச் செல்லவேண்டாவா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தம் இல்லத்தில் வளர்ந்த சிறுவர் உமர் இப்னு அபீஸலமாவுக்கு, இறைநாமம் கூறி, வலக்கரத்தால், தமக்கு அருகிலிருப்பதை உண்ணுமாறு கற்பித்தார்கள். நாமும் முதற்கவளத்தைப் 'பிஸ்மில்லாஹ்' கூறியே ஊட்டுவோம். அக்கவளம் ஹலாலான உழைப்பில் வந்ததாகவும் இருக்கட்டும்.

நம் மழலைகளை உடல் நலமும் ஈமானும் நிறைந்தோராக வல்ல அல்லாஹ் வளர்த்தருள்வானாக! ஆமீன்.